கொலையா, பேயா, புல்வெளியா: அடுத்த மாதம் எந்த நாவலைப் படிப்பது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை கிளை நூலகத்தின் மாடியில் கூடி, அந்த மாதம் படித்த நாவலைப் பற்றிப் பேசுவோம். இதுவரை எல்லாம் தமிழ் நாவல்கள். முதல்முறையாக ஆங்கிலத்தில் ஒன்றைப் படிக்கலாம் என்று முடிவானதும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சார் துப்பறியும் நாவல்தான் வேண்டும் என்றார். கல்லூரியில் படிக்கும் தம்பி பேய்க்கதையைத் தவிர வேறு எதற்கும் மசியவில்லை. தலைமையாசிரியையாக இருந்த டீச்சர், அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னார். தையல்கடை வைத்திருக்கும் அக்காவும் செவிலியராக இருக்கும் அக்காவும், "எதுன்னாலும் சரி, முடிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்கள்.

கடைசியில் மூன்றையும் வாங்கிச் சுற்றுக்கு விட்டோம். இரண்டு மாதம் ஆனது. எல்லோரும் எல்லாவற்றையும் முடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் குறைந்தது நான்கு பேர் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதையும், நான் மூன்றையும் படித்து நினைத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எங்களைப் போல ஒரு குழுவோ, ரொம்ப நாள் கழித்து ஆங்கில நாவலை எடுக்கிறவர்களோ இதே இடத்தில் தயங்கி நின்றால் உதவும்.

மூன்று புத்தகங்கள் இவை. அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்', 1939. ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959. லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி', 1935. கொலைகாரர் யார் என்பதை இந்தக் கட்டுரையில் எங்கும் சொல்லமாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

கிறிஸ்டியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்களில் எல்லோரும் முதலில் முடித்ததும் அதைத்தான். இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு. ஒருவரையொருவர் அறியாத எட்டு விருந்தாளிகள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கணவன் மனைவி. மொத்தம் பத்து பேர். அழைத்தவரை யாரும் பார்த்ததில்லை. இரவு உணவு முடிந்ததும் ஒரு கிராமபோன் தட்டு சுழன்று, பத்து பேர் மீதும் ஒவ்வொரு கொலைக் குற்றத்தைச் சாட்டுகிறது. அறைதோறும் ஒரு குழந்தைப் பாட்டு மாட்டியிருக்கிறது. பாட்டில் உள்ளபடியே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சாப்பாட்டு மேசையில் இருந்த பத்து பொம்மைகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. கிறிஸ்டியின் வழக்கமான துப்பறிவாளர்களான புவாரோவும் கிடையாது, மிஸ் மார்பிளும் கிடையாது. துப்பறிய ஆளே இல்லாத துப்பறியும் நாவல் இது.

ஆங்கிலம் மூன்றிலும் இதில்தான் எளிது. குட்டி வாக்கியங்கள், பாதிக்கு மேல் பேச்சு. ஒரே சிரமம், முதல் அத்தியாயத்திலேயே பெயர்கள் சரசரவென்று வந்து விழுவது. சார் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து பெயரையும், அவரவர் மீதான குற்றச்சாட்டையும் எழுதி வைத்துக்கொண்டார். செத்தவர்களை அடித்துக்கொண்டே வந்து இரண்டு இரவில் முடித்துவிட்டார். இந்த நாவலுக்கு அதுதான் சரியான வழி. பல வருடமாக ஆங்கிலப் புத்தகத்தைத் தொடாதவர்கள் இதிலிருந்து ஆரம்பித்தால் கைவிடமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். தையல்கடை அக்கா வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் ஆங்கில நாவல் இது. முடித்த மறுநாள் கடைக்குப் போனபோது, அளவு எடுப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சந்தோஷத்தைச் சொன்னார்.

குறை சொன்னவர் செவிலியர் அக்கா. "யார் செத்தாலும் எனக்கு வருத்தமே வரல. அடுத்து யாருன்னுதான் பார்த்துட்டு இருந்தேன். அது எனக்கே பிடிக்கல" என்றார். அதற்குச் சார் சொன்ன பதில் நியாயமானதுதான். இது ஒரு கணக்கு மாதிரி, கணக்கில் வரும் எண்களுக்காக நாம் அழுவதில்லை. கணக்கு நேர்மையாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார் கிறிஸ்டி. பிற்பகுதியில் மிச்சமிருப்பவர்களின் மனதில் ஓடுவதைப் பெயர் போடாமல் வரிசையாகக் கொடுக்கும் ஒரு இடம் வருகிறது. முதல் வாசிப்பில் அது பதற்றத்தைக் கூட்டும். விடை தெரிந்தபின் திரும்பிப் போய்ப் பார்த்தால், கொலைகாரர் அங்கேயே நம் கண்முன் நின்றிருக்கிறார். அந்தப் பக்கத்துக்காகவே நான் இரண்டாவது தடவை படித்தேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விருந்தாளிகளில் ஒருவர் லொம்பார்ட். கிழக்கு ஆப்பிரிக்காவில் தன்னோடு வந்த 21 பேரைப் பட்டினியில் சாக விட்டுவிட்டு இருக்கிற உணவோடு கிளம்பிவிட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கக்கூட இல்லை. கடலில் மூழ்கிய ஒரு குழந்தையைப் பற்றி நாவல் திரும்பத் திரும்ப யோசிக்கிறது. இந்த 21 பேருக்குக் கிடைப்பது சில வரிகள்தான், ஒருவருக்கும் பெயர் இல்லை. பிரிட்டனில் இந்த நாவல் முதலில் வந்த தலைப்பும், அந்தக் குழந்தைப் பாட்டும் கருப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைக் கொண்டவை. 1940-இல் அமெரிக்கப் பதிப்பில் தலைப்பை மாற்றினார்கள். பிரிட்டனில் பழைய தலைப்பு 1980-கள் வரை ஓடியது. இன்று கடையில் கிடைக்கும் பிரதியில் அந்தச் சொல் இருக்காது, பாட்டில் வருவது சிப்பாய்கள்தான். தலைப்பை மாற்றலாம், லொம்பார்டின் 21 பேரை மாற்ற முடியாது. படிக்கிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு குழுவுக்கு இந்த நாவலில் இருக்கும் பெரிய சிக்கல் வேறு. விடை தெரிந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. யார் யாரைச் சந்தேகப்பட்டோம் என்று அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசினோம். அப்புறம் டீ வந்தது, அதோடு சரி.

ஹில் ஹவுஸ் அப்படியே நேர்மாறு. முடித்தவர்கள் குறைவு, பேச்சு அதிகம். தம்பி கேட்டு வாங்கிய புத்தகம் இது, அவனே பாதியில் கொதித்துப்போய் வந்தான். "பேய் எங்க சார்? நூறு பக்கம் போயாச்சு, கதவுதான் சாத்திக்குது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. இந்த நாவலில் கடைசி வரை எந்த உருவமும் வெளிச்சத்தில் வந்து நிற்பதில்லை. டாக்டர் மாண்டேகு என்ற ஆராய்ச்சியாளர், ஆவிகள் நடமாடுவதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, துணைக்குச் சிலரை அழைக்கிறார். எலினார், தியோடரா, வீட்டுச் சொந்தக்காரரின் குடும்பத்தைச் சேர்ந்த லூக். வீட்டைக் கட்டியவர் ஒரு மூலையைக்கூட நேராக வைக்கவில்லை. எல்லாக் கோணங்களும் ஒரு நூல் பிசகியவை. அதனால் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்கின்றன, நடக்கிறவர்களுக்குத் திசை தப்புகிறது. வேலைக்கார அம்மா திருமதி டட்லி, இருட்டும் முன் கிளம்பிவிடுவேன், இரவில் கூப்பிட்டால் கேட்க ஆள் இருக்காது என்பதை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

இரவில் கதவுகளை ஏதோ தட்டிக்கொண்டே வரும் காட்சி ஒன்று உண்டு. இன்னொன்றில் எலினாரும் தியோவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருட்டில் கையைக் கோத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்ததும் தியோ தள்ளி இருக்கிறாள். அவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கை? நான் இதைப் படித்தது பகல் மூன்று மணிக்கு. எழுந்து போய்ச் சமையலறையில் இருந்தவர்களோடு நின்றுகொண்டேன்.

இந்த நாவலைத் தன் சொந்தக் கதைபோல எடுத்துக்கொண்டவர் தையல்கடை அக்காதான். எலினாருக்கு 32 வயது. 11 வருடம் படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டே இளமை போய்விட்டது. அம்மா இறந்தபின் அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள். இரண்டு பேர் காசிலும் வாங்கிய காரை எடுத்துப்போக அக்கா விடுவதில்லை, அதனால் விடிகாலையில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் உணவகத்தில் ஒரு சிறுமி, அடியில் நட்சத்திரங்கள் வரைந்த தன் கோப்பை இல்லாமல் பால் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். விட்டுக்கொடுக்காதே, உன் கோப்பையை விட்டால் வேறு எதுவும் கிடைக்காது என்று எலினார் மனதுக்குள் அவளிடம் மன்றாடுகிறாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், தனக்கென்று ஒரு சின்ன வீடு இருப்பதாகப் பொய் சொல்கிறாள். வழியில் பார்த்த கல் சிங்கங்கள், அந்த நட்சத்திரக் கோப்பை எல்லாம் அந்தப் பொய்வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. "இது பேய்க்கதையே இல்ல, போக்கிடம் இல்லாத ஒரு பொண்ணோட கதை. அந்த வீடு கூப்பிட்டா அவ போகத்தான் செய்வா" என்றார் அக்கா. அவ்வளவு நேரம் பேய் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி அதற்குப்பின் பேசவில்லை. அடுத்த வாரம் மீதியையும் முடித்துவிட்டு வந்தான்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்துவிட்டு, நடந்தது நிஜமா பிரமையா என்று தவித்தவர்களுக்கு இந்த நாவலின் அவஸ்தை பழக்கமானதுதான். ஆனால் மொழி லேசில்லை. ஜாக்சனின் வாக்கியங்கள் நீளமானவை. லூக்கும் தியோவும் பேசும் வேடிக்கைப் பேச்சு நம் காதுக்குச் சட்டென்று எட்டாது. டீச்சரே சில பக்கங்களைத் தாண்டிப் போனதாகச் சொன்னார். இன்னொரு எச்சரிக்கை: 2018-இல் இதே பெயரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரைப் பார்த்துவிட்டு அதே கதை இருக்கும் என்று வாங்கவேண்டாம். அது வேறு குடும்பம், வேறு கதை. 1963-இல் ராபர்ட் வைஸ் எடுத்த கருப்பு வெள்ளைப் படம்தான் நாவலோடு ஒட்டி நிற்கிறது.

பேய்க்கதையில் ஹென்றி ஜேம்ஸின் 1898 நாவலான 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வும் பட்டியலில் இருந்தது. அளவில் சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் மூச்சு வாங்க வைக்கிறது. முதல் ஆங்கில நாவலாக அதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

இனி புல்வெளி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீச்சர் பெயரைச் சொன்னபோது, "சின்னப் பிள்ளைங்க புத்தகத்தையா நாம படிக்கிறது?" என்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி. லாரா இங்கல்ஸ் வைல்டர் 1867-இல் பிறந்தவர். முதல் புத்தகம் வந்தபோது வயது 65. தன் குடும்பம் விஸ்கான்சின் காட்டிலிருந்து கிளம்பி, கான்சஸ், மினசோட்டா, டகோட்டா என்று வண்டி கட்டிக்கொண்டு அலைந்த கதையை வரிசையாக எழுதினார். எழுத்தைச் செப்பனிட்டதில் மகள் ரோஸுக்கும் பெரிய பங்கு உண்டு. 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி' கான்சஸ் பகுதிக் கதை. அப்பா, அம்மா, மேரி, லாரா, கைக்குழந்தை கேரி, ஜாக் என்ற நாய். மரம் வெட்டிச் சுவர் எழுப்புகிறார்கள். ஆணி கிடைக்காததால் மர முளைகளை அடித்தே கதவு செய்கிறார் அப்பா. அந்தக் கதவு எப்படிச் செய்யப்பட்டது என்பதே ஒரு நீண்ட பகுதி. எனக்கு அலுக்கவே இல்லை. தையல்கடை அக்காவும், "பார்த்துப் பார்த்து வேலை செய்யுறவங்களைப் பத்தி யாரு இப்படி எழுதுறாங்க" என்றார்.

கிணறு வெட்டும் அத்தியாயத்தைச் சார் எங்களுக்கு வாசித்தே காட்டினார். தினமும் காலையில் உள்ளே இறங்கும் முன் ஒரு மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கிறார் அப்பா. சுடர் அணையாவிட்டால்தான் உள்ளே காற்று நல்லதாக இருக்கிறது என்று பொருள். பக்கத்து வீட்டு ஸ்காட், இதெல்லாம் வெட்டி வேலை என்று ஒரு நாள் பார்க்காமல் இறங்கி மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அப்பா இறங்குகிறார். மேலே அம்மா கயிற்றை இழுக்கிறாள். எங்கள் பக்கம் பாழுங்கிணற்றில் இறங்குகிறவர்களும் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். சார் சின்ன வயதில் அதைப் பார்த்தவர். கரிசல்காட்டுக்காரர் அவர். கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நினைவுக்கு வருகிறது என்று அவர்தான் முதலில் சொன்னார். வடக்கே இருந்து தப்பி வந்த குடும்பங்கள் காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்கி ஊர் அமைக்கும் கதை, 1976-இல் வந்தது. புதுமண்ணில் கால் ஊன்றுவதன் சந்தோஷமும் பயமும் இரண்டிலும் ஒன்றுதான். இதைப் படித்தபிறகு முன்னோடிக் குடும்பக் கதை என்பது அமெரிக்கச் சரக்கு என்ற நினைப்பு எங்களுக்குப் போய்விட்டது.

ஆனால் அந்த மண் யாருடையது?

இங்கல்ஸ் குடும்பம் கான்சஸுக்கு வந்தது 1869-இல். அவர்கள் வீடு கட்டிய இடம் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நிலம். 1862-இன் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தமாகும். ஆனால் ஓசேஜ் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சட்டத்துக்கு முன்னால் ஓடிப்போய் இடம் பிடித்தவர்களில் இவர்களும் உண்டு. எப்படியும் அரசாங்கம் ஓசேஜ் மக்களை வெளியேற்றிவிடும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவும் இல்லை. 1870-இல் ஓசேஜ் நிலத்தை விற்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஓசேஜ் மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். நாவலில் ராணுவம் வந்து குடியேறிகளை விரட்டப்போகிறது என்ற செய்தி கேட்டு அப்பா கோபமாக வண்டியைக் கட்டுகிறார். உண்மையில் 1871-இல் அவர்கள் திரும்பியதற்குக் காரணம், விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவரால் பணம் கட்ட முடியாமல் போனது. லாராவுக்கு அப்போது வயது நான்குதான். நாவலில் எல்லாம் நினைவிருக்கும் பெரிய சிறுமியாக வருகிறாள். கேரி பிறந்ததே கான்சஸில்தான், நாவலில் முதலிலிருந்தே வண்டியில் இருக்கிறாள்.

1935 பதிப்பின் முதல் அத்தியாயத்தில், அந்தப் புல்வெளியில் மனிதர்கள் யாரும் இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பூர்வகுடிகளைப் புத்தகம் அப்படித்தான் அழைக்கிறது) மட்டும்தான் வாழ்ந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 1952-இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். அடுத்த ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' என்று மாறியது. பதினேழு பதினெட்டு வருடம் அந்த வரியை எத்தனையோ பேர் கண்ணை ஓட்டிக் கடந்துபோயிருக்கிறார்கள். பூர்வகுடி மக்களைக் காட்டிய விதத்தை முன்வைத்து, வைல்டர் பெயரில் 1954 முதல் வழங்கிவந்த விருதின் பெயரை 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு மாற்றியது. விருதின் பெயர் மாற்றம் சரியா என்று எங்கள் குழுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம். டீச்சருக்கு அது வலித்தது. "நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் இதைக் கதையாச் சொல்லியிருக்கேன். ஓசேஜ்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார். குரல் கம்மிவிட்டது.

புத்தகத்தை அப்படியே தள்ளிவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் ஒப்பவில்லை. ஏனென்றால் கேள்வி புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவுக்கு இந்தியர்களைக் கண்டால் ஆகாது. அப்படி ஆகாதென்றால் அவர்கள் நாட்டுக்கு நாம் ஏன் வந்தோம் என்று லாராவே கேட்கிறாள். நேரான பதில் வருவதில்லை. பின்னால் ஓசேஜ் மக்கள் குதிரைகளில் நீண்ட வரிசையாக அந்த வீட்டைக் கடந்து போகிறார்கள். போகப் போக வரிசை முடிவதே இல்லை. ஒரு கைக்குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, அந்தக் குழந்தை எனக்கு வேண்டும் என்று லாரா அழுகிறாள். எதற்கென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்களால் அதற்குப்பின் சாப்பிட முடியவில்லை. பிறர் மண்ணும் வேண்டும், அந்தப் பிள்ளையும் வேண்டும் என்ற அந்த அழுகையில் எழுதியவர் நினைத்ததைவிடக் கூடுதலாக உண்மை வெளியே வந்துவிட்டது. இதைச் சிறுவர் நூல் என்று ஒதுக்கியதற்கு நான் வெட்கப்பட்டேன்.

மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது செவிலியர் அக்கா. இரவுப் பணி முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "மூணு கதையிலயும் ஒரு நோயாளி மருந்துக்குக் காத்திருக்காங்க, கவனிச்சீங்களா?" என்றார்.

யாரும் கவனிக்கவில்லை. கிறிஸ்டியின் தீவில் வேலைசெய்யும் அந்தக் கணவன் மனைவி மீதான குற்றச்சாட்டு, தாங்கள் பார்த்துக்கொண்ட வயதான எஜமானியம்மாவுக்கு உரிய நேரத்தில் மருந்து கொடுக்காமல் சாகவிட்டது. ஹில் ஹவுஸில் எலினாரின் அம்மா கடைசி இரவில் மருந்துக்காகச் சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். எலினார் எழவில்லை. நிஜமாகவே தூங்கிவிட்டோமா, விழித்துக் கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கினோமா என்பது அவளுக்கே தெரியவில்லை. அந்த வீட்டில் இரவில் கதவைத் தட்டிக்கொண்டு வரும் சத்தத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். புல்வெளியில் குடும்பம் மொத்தமும் மலேரியாவில் விழுகிறது. மேரி தண்ணீருக்கு அழுகிறாள், அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சலோடு லாரா தரையில் தவழ்ந்துபோய்த் தண்ணீர் மொண்டு வந்து அக்காவுக்குக் கொடுக்கிறாள். கண் விழிக்கும்போது ஒரு கருப்பின மருத்துவர் அவள் தலையைத் தாங்கிக் கசப்பு மருந்தைப் புகட்டுகிறார். வழியில் போனவரை நாய் ஜாக் விடாமல் இழுத்து வந்திருக்கிறது. டாக்டர் டான் என்று நாவல் சொல்லும் அவர், ஜார்ஜ் டான் என்ற பெயரில் அந்தப் பகுதியில் உண்மையிலேயே வாழ்ந்தவர்.

"மர்மக் கதையில அது குற்றம். யாரு பண்ணாங்க, தண்டனை என்ன, முடிஞ்சது. பேய்க்கதையில அது தீராத உறுத்தல். மூணாவதுல மட்டும்தான் யாரோ ஒருத்தர் தண்ணி கொண்டுவந்து குடுக்கிறாங்க" என்றார் அக்கா. எத்தனையோ இரவு வார்டில் மணி அடிக்கும் சத்தத்துக்கு ஓடியவர் சொல்வதைக் கேட்டு நாங்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். இந்த மூன்று வகை நாவல்களின் வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். தனியாகப் படிப்பவர், ஆங்கில வாசிப்பை இப்போதுதான் தொடங்குகிறவர் என்றால் கிறிஸ்டியை எடுங்கள், ஒரு தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஓரளவு பழக்கம் உண்டு, கொஞ்சம் மனத்துணிவும் உண்டு என்றால் ஹில் ஹவுஸ். ஆனால் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கோ, அண்மையில் அம்மாவை இழந்தவர்களுக்கோ அதை இப்போது கொடுக்கவேண்டாம். இலக்கியம் எது, எது இல்லை என்பதைவிட இந்த ஜாக்கிரதை எனக்கு முக்கியம்.

குழுவாகப் படிக்க என் ஓட்டு புல்வெளிக்குத்தான். ஒரு நிபந்தனை உண்டு. ஓசேஜ் மக்களின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். அதில்லாமல் படித்தால் டீச்சர் சொன்ன தவறையே நாமும் செய்வோம். குடியேற்றத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்க லூயிஸ் எர்ட்ரிக்கின் 1999 நாவல் 'தி பர்ச்பார்க் ஹவுஸ்' இருக்கிறது. ஓஜிப்வே சிறுமி ஒருத்தியின் கதை, ஆங்கிலமும் எளிது. சிறுவர் நூலே வேண்டாம் என்பவர்கள் வில்லா கேத்தரின் 1918 நாவல் 'மை ஆண்டோனியா'வைப் பார்க்கலாம். நெப்ராஸ்காவில் குடியேறும் பொஹீமிய (இன்றைய செக் நாட்டு) குடும்பத்தின் முதல் பனிக்காலம் அதில் வருகிறது. தாங்கிக்கொள்ளக் கடினமான பக்கங்கள் அவை. லாராவின் வரிசையிலேயே 'தி லாங் வின்டர்' என்ற 1940 நாவலும் உண்டு. 1880-81 பனிக்காலத்தில் ரயில் நின்றுபோய், நிலக்கரிக்குப் பதில் வைக்கோலை முறுக்கி எரித்து, காபி அரைக்கும் இயந்திரத்தில் கோதுமையை அரைத்து உயிர் பிழைத்த கதை. எழுத்தாக அதுவே மேல் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பேசுவதற்கு இருப்பது கான்சஸ் கதையில்தான்.

ஓட்டு எடுத்தோம். புல்வெளிக்கு நான்கு, ஹில் ஹவுஸுக்கு இரண்டு. ஹில் ஹவுஸுக்குக் கை தூக்கியவர்கள் தையல்கடை அக்காவும், எல்லோரும் ஆச்சரியப்படும்படி, சாரும். இரண்டாவது தடவையாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறாராம். தம்பி கடைசி நேரத்தில் புல்வெளிப் பக்கம் வந்துவிட்டான். வரும் ஞாயிறு டீச்சர் கான்சஸ் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருகிறார். அதில் ஓசேஜ் நிலத்தின் எல்லையைப் பென்சிலால் போடும் வேலையைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.